கடைக்காரர் நேர்காணல்கள் முடிந்தன, தீம் கிடைக்கவில்லை: யூஎக்ஸ் (பயனர் அனுபவ) ஆய்வில் பேச்சுத் தரவை எப்படிப் பகுப்பது?

கயல் | திங்கள், காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். சிறு மளிகைக் கடைகள் கடன் கணக்கு வைத்துக்கொள்வதற்கான ஆப் ஒன்றுக்காக ஆய்வு செய்கிறேன். ஒரு டஜனுக்குக் கொஞ்சம் மேல் கடைக்காரர்களிடம் பேசியாகிவிட்டது. பெரும்பாலும் கடையிலேயே, வியாபாரத்துக்கு நடுவில். டிரான்ஸ்கிரிப்ட் தயார். தெரிய வேண்டியது ஒன்றுதான்: முதல் சில நாள் ஆர்வமாக ஆப்பில் கணக்குப் போட்டவர்கள் ஏன் மறுபடியும் நோட்டுக்கே போய்விடுகிறார்கள்?

ஸ்டிக்கி நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிச் சேர்த்துப் பார்த்தேன். கிடைத்த குழுக்கள்: கடன், போன் பயன்பாடு, நம்பிக்கை, நேரமின்மை, குடும்பம். என் கேள்வித்தாளின் தலைப்புகளும் கிட்டத்தட்ட இவைதான். புராடக்ட் மேனேஜர் பார்த்துவிட்டு, "இது போய்ப் பேசுவதற்கு முன்பே தெரிந்ததுதானே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தீமாட்டிக் அனாலிசிஸ் (தீம்களாகப் பகுப்பது), கிரவுண்டட் தியரி (தரவிலிருந்தே கோட்பாடு கட்டுவது), அஃபினிட்டி (நெருக்கமான சீட்டுகளைச் சேர்ப்பது) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது? ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை.

மாறன் | திங்கள், காலை 10.25

கயல், நீங்கள் எந்த முறையை எடுத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும். நீங்கள் சீட்டுகளைச் சேர்த்தது 'எதைப் பற்றிப் பேசினார்கள்' என்ற கணக்கில். 'கடன்' என்பது பேச்சுப்பொருள். கடன் விஷயத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள், எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால்தான் அது தீம்.

வர்ஜீனியா பிரௌன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரைதான் தீமாட்டிக் அனாலிசிஸுக்கு எல்லோரும் கைகாட்டுவது. தரவோடு பழகு, குறியிடு (ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு பெயர் இடு), தீம்களைத் தேடு, சரிபார், பெயர் வை, எழுது என்று ஆறு கட்டங்கள். அந்த ஆறையும் பட்டியலாக எடுத்துக்கொண்டு, அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தும் ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: தீம் தரவுக்குள் ஒளிந்திருந்து தானாக மேலே வருவதில்லை. வாசிக்கிறவர்தான் அதை உருவாக்குகிறார். அதனால் அதற்குப் பொறுப்பும் அவருடையது.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் குழுவின் பெயர் வினைச்சொல்லோடு முழு வாக்கியமாக நிற்கிறதா? 'நம்பிக்கை' நிற்காது. யார் யாரை நம்புகிறார்கள், எந்த நேரத்தில், நம்பாவிட்டால் என்ன செய்கிறார்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால் வேலை இன்னும் பாதியில்தான் இருக்கிறது.

'நம்பிக்கை'யில் போட்ட ஒரு துண்டை அப்படியே இங்கே ஒட்டுங்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம்.

கயல் | திங்கள், காலை 11.05

நன்றி அண்ணா. ஒரு கடைக்காரர் சொன்னது:

"அந்தம்மா நிக்கும்போதே நோட்ட எடுத்து எழுதிருவேன். அவங்க கண்ணு முன்னாடி எழுதினாத்தான் நாளைக்கு 'நான் வாங்கவே இல்ல'ன்னு சொல்ல மாட்டாங்க. போன்ல போட்டா நான் என்ன போட்டேன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்? நோண்டிட்டு இருக்கேன்னுதான் நெனப்பாங்க."

இதற்கு நான் போட்ட குறிகள் 'போன் பயன்பாடு', 'நம்பிக்கை'.

மாறன் | திங்கள், காலை 11.50

எவ்வளவு நல்ல துண்டு! இதை வரிவரியாகப் பாருங்கள், ஒவ்வொரு குறியும் ஒரு செயலாக இருக்கட்டும். கிரவுண்டட் தியரியில் கேத்தி சார்மாஸ் வலியுறுத்துவது இதைத்தான்: பெயராகக் குறியிடாதே, நடப்பதைக் குறியிடு.

வாடிக்கையாளர் நிற்கும்போதே எழுதுதல். எழுதுவதை அவர் பார்க்கும்படி செய்தல். பின்னால் வரக்கூடிய மறுப்பை முன்கூட்டியே அடைத்தல். போன் திரையை எதிரில் நிற்பவர் பார்க்க முடியாமை. போனை எடுத்தால் வேறு வேலை பார்ப்பதாக எண்ணப்படுதல்.

இப்போது என்ன தெரிகிறது? நோட்டு இங்கே கடைக்காரரின் ஞாபகத்துக்கு மட்டும் இல்லை. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் கிடக்கும் பொதுப் பொருள் அது. எழுதும் செயலே சாட்சி. ஆப் அந்தச் சாட்சியை ஒருவர் கைக்குள் மூடி வைத்துவிடுகிறது. "கடைக்காரர் பாக்கியை எழுதுவது வாடிக்கையாளர் பார்ப்பதற்காகவும்தான்" என்பது ஒரு தீம் ஆகலாம். 'ஆகலாம்' என்றுதான் சொல்கிறேன், மற்ற நேர்காணல்களில் இது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் மேனேஜர் இதை முன்பே தெரிந்ததுதானே என்று சொல்ல மாட்டார்.

வாணி | திங்கள், மதியம் 1.15

மாறன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஸ்டிக்கி நோட்டைத் தள்ளிவிட வேண்டாம். அஃபினிட்டி என்று நாம் செய்வது ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதாவின் முறையிலிருந்து வந்தது. நேபாள மலைக் கிராமங்களில் களப்பணி செய்தவர். சேர்ந்துபோன களக்குறிப்புகளை ஒழுங்குபடுத்த அவர் கண்ட வழிதான் பின்னால் அவர் பெயரின் முதலெழுத்துகளால் கேஜே முறை ஆனது. 1967இல் ஜப்பானிய மொழியில் அதைப் புத்தகமாக எழுதினார்.

அவர் செய்ததற்கும் நம் அலுவலகங்களில் இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் தூரம் அதிகம். அவர் முறையில் பெரிய தலைப்பை முதலில் போட்டுச் சீட்டை அதற்குள் தள்ளக் கூடாது. ஒன்றுக்கொன்று நெருங்கிப் பேசும் இரண்டு மூன்று சீட்டை மட்டும் சேர்த்து, அவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரிகளை வைத்து அடுத்த அடுக்கு. எங்கேயும் சேராத சீட்டு தனியாகவே நிற்கலாம், வலிந்து சேர்ப்பது தவறு. அப்புறம் குழுக்களைத் தாளில் பரப்பி, எது எதற்குக் காரணம், எது எதற்கு எதிர் என்று கோடு போட்டு, கடைசியில் அதைத் தொடர் எழுத்தாக எழுத வேண்டும். நாம் வழக்கமாக விட்டுவிடுவது அந்தக் கோடுகளையும் எழுத்தையும்தான். போட்டோ எடுத்து ஸ்லைடில் ஒட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

கயல், சீட்டில் நீங்கள் எழுதியது அவர்களின் சொற்களா, உங்கள் சுருக்கமா? 'நேரமின்மை' என்று ஒரு கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

கயல் | திங்கள், மதியம் 1.40

என் சுருக்கம்தான் அக்கா. டிரான்ஸ்கிரிப்டுக்குத் திரும்பிப் போகிறேன்.

செல்வம் | திங்கள், மாலை 4.10

நான் இன்ஜினியரிங் பக்கம். குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும், ஆனால் இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது. ஒருவர் வாசித்து "சாட்சி" என்கிறார். இன்னொருவர் வாசித்து "பழக்கம்" என்பார். இரண்டில் எது சரி என்று எப்படி முடிவு செய்வது? எத்தனை கடைக்காரர்கள் இப்படிச் சொன்னார்கள் என்ற எண் இல்லாமல் ஒரு ஸ்பிரின்ட்டை (குழுவின் ஒரு வேலைச் சுற்றை) இதற்கு ஒதுக்கச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கப்பா கணக்குப் போட்டால் என்ன?

நிலா | திங்கள், இரவு 8.30

செல்வம் கேட்டது நம் துறையின் வேர் வரை போகும் கேள்வி. நான் விமான மனிதக்காரணி (மனிதர் கருவியை இயக்கும் விதம் பற்றிய) ஆய்வில் இருப்பவள், அங்கிருந்து ஒன்று சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்காவின் ஒஹையோவில் ரைட் ஃபீல்டில் இருந்த ஏரோ மெடிக்கல் ஆய்வகத்தில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் விமானிகளிடம் ஒரே ஒரு விஷயத்தை விவரமாகச் சொல்லச் சொன்னார்கள்: காக்பிட்டில் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டை இயக்கும்போது நீங்களோ நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரோ செய்த பிழை. நேர்காணலாகவும் எழுத்தாகவும் வந்த 460 சம்பவங்களை வைத்து 1947இல் அறிக்கை வந்தது. தரவு முழுக்கக் கதைகள்தான்.

அந்தக் கதைகளை அவர்கள் ஆறு வகையாகப் பிரித்தார்கள்: ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இயக்கியது, அளவு தவறி இயக்கியது, மறந்தது, எதிர்த்திசையில் திருப்பியது, தெரியாமல் பட்டு இயங்கியது, கை எட்டாதது. ஏறக்குறைய பாதிச் சம்பவங்கள் முதல் வகை. இறக்கை மடலுக்கான (ஃபிளாப்) நெம்புகோலுக்கும் தரையிறங்கு சக்கரத்துக்கான நெம்புகோலுக்கும் குழம்பியது அதில் ஒரு பெரும் பகுதி. அறிக்கையின் தலைப்பில் 'விமானியின் பிழை' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். பிழை ஆளிடம் இல்லை, ஒரே மாதிரி அமைந்த நெம்புகோல்களிடமும் விமானத்துக்கு விமானம் மாறிய இடங்களிடமும் இருக்கிறது என்பதே அவர்கள் சொல்ல வந்தது. போர்க்காலத்திலேயே ஆல்ஃபான்ஸ் சாப்பனிஸ் சக்கர நெம்புகோலின் நுனியில் சக்கர வடிவத்தையும் மடல் நெம்புகோலின் நுனியில் ஆப்புக்கட்டை வடிவத்தையும் பொருத்தி வழி காட்டியிருந்தார்.

இங்கே எண்ணியது பயன்பட்டது. ஏனென்றால் எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரு சம்பவம்தான் ஒரு அலகு, வகைகளுக்குத் தெளிவான வரையறை. செல்வம், உங்கள் தரவு இந்த மாதிரி இருந்தால் தாராளமாக எண்ணுங்கள். ஆனால் கவனியுங்கள், அந்த ஆறு வகையை எந்த எண்ணும் தரவில்லை. அவற்றைத் தந்தது கதைகளை வாசித்த கண்தான்.

மாறன் | செவ்வாய், காலை 7.50

நிலா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கப்பா பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா, இரண்டு பேரின் குறிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதில் தற்செயலாக ஒத்துப்போகும் பங்கைக் கழித்துக் காட்டுகிறது. குறிப்பட்டியல் முன்பே முடிவாகி, பல பேர் பங்கு போட்டு நூற்றுக்கணக்கான சப்போர்ட் டிக்கெட்டுகளை (உதவி கேட்டு வரும் பயனர் புகார்களை) குறியிடும்போது அது கட்டாயம் தேவை. கயலின் வேலை வேறு. அவர் குறிகளையே இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கட்டத்தில் கப்பாவை உயர்த்த என்ன செய்வோம்? எல்லோரும் சுலபமாக ஒத்துக்கொள்ளும் மேலோட்டமான குறிகளைத் தேர்ந்தெடுப்போம். 'போன் பயன்பாடு' என்ற குறிக்கு அருமையான கப்பா வரும். யாருக்கும் எதுவும் தெரியவராது. பிரௌனும் கிளார்க்கும் தங்கள் முறைக்கு இந்த அளவீடு பொருந்தாது என்று வெளிப்படையாகவே மறுக்கிறார்கள்.

அதற்காக "என் வாசிப்பு, நம்பிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட முடியாது. 'சாட்சி'யா 'பழக்கமா' என்ற செல்வத்தின் கேள்விக்கு விடை தரவிலேயே தேட முடியும். பழக்கம் மட்டும்தான் காரணமென்றால் வாடிக்கையாளர் இல்லாதபோதும் நோட்டையே எடுப்பார்கள். சாட்சிதான் காரணமென்றால் ஆள் எதிரில் இல்லாத கணக்குகளில், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதில் எல்லாம், ஆப்பைப் பயன்படுத்தத் தயக்கம் இருக்காது. கயல், அப்படி ஏதாவது இருக்கிறதா?

செல்வம் | செவ்வாய், காலை 9.15

இது எனக்குப் புரிகிறது. ஒரு கணிப்பு வைத்து அது பொய்க்குமா என்று பார்க்கிறீர்கள்.

கயல் | செவ்வாய், காலை 10.30

இருக்கிறது! மூன்று நான்கு பேர் மொத்தக் கொள்முதல் கணக்கை இன்னும் ஆப்பில்தான் வைத்திருக்கிறார்கள். அதை நான் 'பகுதிப் பயன்பாடு' என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் கிடைத்தது, இது இடிக்கிறது. வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போகும் வசதி ஆப்பில் ஏற்கெனவே உண்டு. சாட்சிதான் பிரச்சினை என்றால் அது தீர்வாகியிருக்க வேண்டும். ஆனால் ஒரு கடைக்காரம்மா அதை முதல் வாரமே அணைத்துவிட்டார். "கடன்னு மெசேஜ் போனா வீட்ல யாராச்சும் பாப்பாங்க. வசூலுக்கு வந்த மாதிரி இருக்கும். அப்புறம் அவங்க என் கடைக்கு வருவாங்களா?"

வாணி | செவ்வாய், காலை 11.20

கயல், இந்தத் துண்டுதான் உங்கள் ஆய்விலேயே முக்கியமானது. இடிப்பதை ஒதுக்காதீர்கள். கிரவுண்டட் தியரியின் அடிப்படையே இதுதான்: ஒவ்வொரு புதுத் துண்டையும் ஏற்கெனவே குறியிட்டதோடு ஒப்பிட்டுக்கொண்டே போவது. பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைச் சுற்றி யாருக்கு எது தெரியும், எதைத் தெரியாதது போல் காட்டிக்கொள்கிறார்கள் என்று ஆய்ந்தபோது உருவான வழி. 1967இல் முறையைப் பற்றித் தனி நூல் எழுதினார்கள். பின்னாளில் இருவரும் முறை குறித்தே கடுமையாகப் பிரிந்துபோனது வேறு கதை.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் மெமோ. இப்போதே, சூடு ஆறும் முன், ஒரு பத்தி எழுதுங்கள்: "நோட்டில் எழுதுவது இருவருக்கு மட்டும் தெரியும் சாட்சி. எஸ்எம்எஸ் மூன்றாம் ஆளும் பார்க்கக்கூடிய சாட்சி. கடைக்காரர் தேடுவது முதலாவது." இது சரியா என்று பிறகு பார்க்கலாம். எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் மறந்துபோகும்.

அஸ்வின் | செவ்வாய், மதியம் 2.05

எண்ணிக்கை பற்றி ஒரு சந்தேகம். ஐந்து பேர் போதும் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். அப்படியென்றால் கயல் பேசியதே அதிகம் இல்லையா?

நிலா | செவ்வாய், மதியம் 2.40

அந்த ஐந்து வேறு வேலைக்கான எண். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் 1993இல் செய்த கணக்கின்படி ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதப் பயன்பாட்டுச் சிக்கல்களை வெளிக்கொணர்வார், ஐந்து பேரில் 85 சதவீதம் அளவுக்குத் தெரிந்துவிடும். திரையில் சிக்கல் தேடும் சோதனைக்கானது அது. வாழ்க்கைப் பழக்கத்தைப் பற்றிய நேர்காணலுக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. அங்கே அடிக்கடி எடுத்துக்காட்டுவது கானா, நைஜீரியா பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் 2006இல் எழுதியது. முதல் 12 நேர்காணல்களுக்குள் பெரும்பாலான குறிகள் வந்துவிட்டன என்றார்கள். அதுவும் ஒரே மாதிரிப் பின்னணி, ஒரே மாதிரிக் கேள்விகள் என்ற நிலையில்தான்.

தாமரை | செவ்வாய், இரவு 9.10

எல்லோரும் சொன்னதைப் படித்தேன். ஒன்று விடுபட்டிருக்கிறது. இதுவரை பேசியதெல்லாம் கடைக்காரர்கள் சொன்னதை வைத்துத்தான். கயல் கடையிலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார். அப்படியானால் பதிவில் வியாபாரமும் இருக்குமே? ஆள் வந்து பொருள் கேட்டு, பாக்கி சொல்லி, கடைக்காரர் நோட்டை எடுத்த அந்த நிமிடங்களை வெட்டி எறிந்துவிட்டீர்களா?

லூசி சச்மன் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' (PARC) ஆய்வகத்தில் நகல் எடுக்கும் எந்திரத்தை வைத்துச் செய்ததைச் சொல்கிறேன். எந்திரம் தன்னைத் தானே விளக்க வேண்டும் என்று ஓர் உதவி அமைப்பைப் பொருத்தியிருந்தார்கள். சச்மன் புதியவர்களை இரண்டிரண்டு பேராக அதன் முன் விட்டு வீடியோ எடுத்தார். இருவர் இருந்தால் "இப்ப என்ன செய்யச் சொல்லுது?" என்று ஒருவருக்கொருவர் இயல்பாகப் பேசுவார்கள். யாரையும் வாய்விட்டு யோசி என்று கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

அவருடைய 1987 நூலில் அந்த வீடியோக்களை எழுதிய விதம்தான் பகுப்பாய்வு. அட்டவணை போல நான்கு செங்குத்துப் பத்திகள். பயனர் செய்ததில் எந்திரத்துக்குத் தெரியாதவை. எந்திரத்துக்குத் தெரிந்தவை. எந்திரம் பயனருக்குக் காட்டியவை. வடிவமைத்தவர் அதற்கு வைத்திருந்த காரணம். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதுமே தெரிந்துவிடுகிறது: மனிதர்களின் பேச்சு, தயக்கம், குழப்பம் எல்லாம் முதல் பத்தியில் நிறைந்து கிடக்கிறது, எந்திரத்துக்குப் போய்ச் சேர்வது ஒன்றிரண்டு பொத்தான் அழுத்தம்தான். பயனர் தவறான வழியில் போனாலும் எந்திரம் அறியாமல் அடுத்த கட்டளையைத் தருகிறது, அதைப் பார்த்து அவர்களும் சரியாகத்தான் போகிறோம் என்று தொடர்கிறார்கள். சில நிமிடப் பதிவை இவ்வளவு நெருக்கமாக வாசித்தாலே போதும். எத்தனை பேர் என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை.

கயல், ஒரே ஒரு கடன் பரிமாற்றத்தை எடுத்து இப்படி எழுதிப் பாருங்கள். ஆப்புக்குத் தெரிந்தது ஒரு பத்தி, கடையில் நடந்தது ஒரு பத்தி. எனக்கு நேர்காணலைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம்.

அஸ்வின் | புதன், காலை 8.20

இவ்வளவும் செய்ய நேரம் இல்லையென்றால் ஏஐ கருவியில் டிரான்ஸ்கிரிப்டைப் போட்டு தீம் கேட்கலாமே?

வாணி | புதன், காலை 9.00

அஸ்வின், முதலில் ஒரு கேள்வி. அந்தப் பதிவுகளில் யார் எவ்வளவு பாக்கி என்று வாடிக்கையாளர் பெயரோடு இருக்கும். கடைக்காரர் பேச ஒப்புக்கொண்டார், அந்த வாடிக்கையாளர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர்களை நீக்காமல் எங்கேயும் ஏற்றக் கூடாது.

அப்புறம், பேச்சுத் தமிழை எழுத்தாக்கும் கருவிகளில் எதிர்மறை விழுங்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். 'தரமாட்டாங்க' என்பது 'தருவாங்க' ஆனால் கண்டுபிடிப்பே தலைகீழாகிவிடும். ஒலியைக் கேட்டபடி ஒரு முறையாவது வாசித்தாக வேண்டும். "எஸ்எம்எஸ் பற்றிப் பேசிய இடங்களையெல்லாம் காட்டு" என்று தேடப் பயன்படுத்துவது எனக்குச் சம்மதம். தீம் கேட்டால் கயல் திங்கட்கிழமை காட்டிய ஐந்து தலைப்புகளைப் போன்றதுதான் வரும் என்பது என் அனுபவம், அந்தக் கடைக்காரம்மாவின் துண்டு சுருக்கத்தில் காணாமல் போகும்.

கயல் | புதன், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. தாமரை அக்கா சொன்னபடி, உட்கார்ந்திருந்தபோது பதிவான ஒரு பரிமாற்றத்தை எடுத்தேன். ஆப்புக்குத் தெரிந்த பத்தியில் ஒரே வரி: பெயர், தொகை, இரவு 9.30. கடையில் நடந்த பத்தியில்: பையன் வந்து "அம்மா எழுதிக்கச் சொன்னாங்க" என்கிறான். கடைக்காரர் அரிசியை எடைபோட்டபடியே "போன வாரத்தது இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு" என்கிறார், குரலைத் தாழ்த்தி. நோட்டைத் திறந்து, எழுதி, பையன் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். அவன் தலையாட்டுகிறான். பகல் 11 மணிக்கு நடந்தது இது. ஆப்பில் ஏறியது இரவில், கடையடைத்த பிறகு, மகள் கையால். நோட்டைத் திருப்பிக் காட்டியதை நேரில் பார்த்துக் களக்குறிப்பில் எழுதியிருந்தேன், டிரான்ஸ்கிரிப்டில் அதற்கு வரியே இல்லை.

இப்போது பிரச்சினை வெள்ளிக்கிழமை. இவ்வளவையும் மேனேஜருக்கு எப்படி வைப்பது?

மாறன் | வியாழன், காலை 7.30

ஃபிரேம்வொர்க் முறையின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அரசுக் கொள்கை ஆய்வுகளுக்காக ஜேன் ரிச்சி, லிஸ் ஸ்பென்சர் உருவாக்கியது, குறுகிய காலக்கெடுவுக்கு ஏற்றது. ஒரு வரிசைக்கு ஒரு கடை, ஒரு பத்திக்கு ஒரு தீம், ஒவ்வொரு கட்டத்திலும் சிறு சுருக்கமும் டிரான்ஸ்கிரிப்டின் வரி எண்ணும். யார் எந்த முடிவைக் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்திலிருந்து கடைக்காரரின் சொல்லுக்குப் போய்விடலாம். காலியான கட்டங்களை மறைக்க வேண்டாம். பேச்சே வராத இடமும், கேட்டும் மறுத்த இடமும் வேறு வேறு என்று குறித்து வையுங்கள்.

முதல் பக்கத்தில் மூன்று வாக்கியங்கள் போதும் என்று நினைக்கிறேன். பாக்கி எழுதுவது வாடிக்கையாளர் பார்க்க நடக்கிறது, ஆப் அதைத் தனியாள் வேலையாக்குகிறது. சாட்சி தேவைப்படாத கொள்முதல் கணக்கில் ஆப் நிலைத்திருக்கிறது. எஸ்எம்எஸ் சாட்சி தருகிறது, ஆனால் மூன்றாம் ஆளையும் உள்ளே விடுவதால் குறைந்தது ஒரு கடையில் அணைக்கப்பட்டது. இந்த மூன்றாவதில் 'ஒரு கடை' என்பதை அப்படியே எழுதுங்கள்.

செல்வம் | வியாழன், காலை 9.45

கயல், ரிப்போர்ட்டுக்கு முன்பே ஒரு வேண்டுகோள். எஸ்எம்எஸ் வசதியை எத்தனை கடைகள் அணைத்திருக்கின்றன, எத்தனையாவது நாளில் என்பது உங்கள் குழுவின் லாகில் (ஆப் தானாக எழுதி வைக்கும் பதிவேட்டில்) இருக்கும். அதை எண்ணச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலைதான். பிறகு, பதிவு போட்டதும் தொகை பெரிய எழுத்தில் எதிரில் நிற்பவர் பக்கமாகத் தலைகீழாகத் திரும்பிக் காட்டும் ஒரு திரை. முன்மாதிரி செய்வது கஷ்டமில்லை. பகலில் ஒரு கடையில் வைத்துப் பார்க்கலாம்.

கயல் | வியாழன், காலை 10.05

லாக் கேட்டுவிட்டேன் அண்ணா. முன்மாதிரியை முதலில் அந்தக் கடைக்காரம்மாவிடம் கொண்டுபோகிறேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தத் துண்டையும் இங்கே ஒட்டுகிறேன்.